நரம்பின் குரல்



மனித உடம்பிலே எலும்பு முறிந்தால் பொருந்துகிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. குருதி சிந்தினால் மீண்டும் ஊறுகிறது. ஆனால் மூளையினுள்ளும் முண்ணாணினுள்ளும் ஓடும் நரம்பிழை ஒன்று அறுந்துவிட்டால் அது பழையபடி வளர்ந்து சேர்வதில்லை. மூளையினின்றும் புறப்பட்டு முகத்துக்கும் செவிக்கும் நாவுக்கும் செல்லும் நரம்புகளிலோ, சில ஓரளவு தேறும். சில தேறவே மாட்டா. ஆகவே, மூளையிலே தோன்றிய கட்டி ஒன்றை அகற்றுவதற்காகச் சத்திரவைத்தியர் கத்தியைக் கையில் எடுக்கும்பொழுது, அவர் முன்னே இரண்டு கேள்விகள் நிற்கின்றன. கட்டியை எவ்வளவு எடுக்கலாம் என்பது ஒன்று. எடுக்கும்பொழுது நோயாளி எதனை இழக்க நேரும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு வைத்தியரின் கண் பெரும்பாலும் விடை சொல்லும். இரண்டாங் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நோயாளியே. அவரோ மயக்க மருந்தின் வசப்பட்டு ஆழ்ந்து உறங்குகிறார்.

உறங்குகிறவரிடம் கேள்வி கேட்பது எவ்வாறு? கேட்டு விடை பெறுவது எவ்வாறு? மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேலாகத் தேடிக் கண்ட வழிகள் சிலவற்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டம் பெற்ற ஒரு பாடசாலை அதிபர். ஆயினும், கேள்வி கேட்பதும், வந்த விடையை நிறுத்துப் பார்ப்பதும், மௌனத்தின் பொருளை அறிய முயல்வதும் ஆசிரியத் தொழிலுக்குப் புறம்பானவை அல்ல. அந்த உறவு பற்றியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

ஒரு நோயை எடுத்துக்கொண்டு பேசினால் விடயம் எளிதில் விளங்கும். உட்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாம் நரம்பிலே சிலருக்கு ஒரு கட்டி உண்டாவதுண்டு. செவிநரம்புக் கட்டி என்று இதனைக் கூறலாம். இது புற்றுநோய் அன்று; உடம்பின் வேறிடங்களுக்குப் பரவுவதில்லை; பெரும்பாலும் மிக மெதுவாகவே வளரும். ஒரு காதிலே இரைச்சல் தோன்றும், கேள்வி மந்தமாகும், நடையிலே தள்ளாட்டம் காணும். கட்டி பெருத்து மூளைத்தண்டை நெருக்கத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகும்.

இந்த எட்டாம் நரம்புக்கு அயலிலே ஏழாம் நரம்பாகிய முகநரம்பு செல்கின்றது. இரண்டும் மண்டையோட்டு எலும்பிலே ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரே கால்வாயினூடாகப் போகின்றன. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டாரும் போக்குவரத்துச் செய்வது போன்ற நிலை இது. கட்டி வளர வளர, முகநரம்பு அதன் மேலே தள்ளப்பட்டு, நீட்டப்பட்டு, நாடாப் போலத் தட்டையாகி, ஈற்றில் வெங்காயத்தின் உட்டோல் போல மெலிந்து, கட்டியின் உறையோடு ஒட்டிக் கிடக்கும். உருப்பெருக்கியினூடாக நோக்கினாலும், எது நரம்பு, எது உறை என்று பிரித்தறிதல் அரிதாகிவிடும்.

முகநரம்பு போனால் என்ன போகும்? இமை மூடாது, கண் உலர்ந்து கருவிழி புண்படும். வாய் ஒரு புறம் கோணும். குடிக்கும் நீர் கடைவாயால் வழியும். சிரிப்பு முகத்தின் ஒரு பாதியோடு நின்றுவிடும். திருக்குறளிலே குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள. ஒன்று பொருட்பாலிலும் மற்றொன்று காமத்துப்பாலிலும் அமைந்துள்ளன. அரசவையாயினும் சரி, காதலர் தனிமையாயினும் சரி, வாய் சொல்லாததை முகம் சொல்லும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அந்த முகத்தின் பாதி ஊமையாகிப் போவது சிறிய இழப்பன்று. உயிர் தப்பிய ஒருவர் கண்ணாடி பார்க்கவும் ஊரவர் முன் செல்லவும் கூசி வாழ நேர்வதை எண்ணிப் பாருங்கள்.

நரம்பு மின்சாரத்துக்கு மறுமொழி தரும் என்பது, இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்துக் கல்வானி 1791 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியினால் உலகறிந்த செய்தியாயிற்று. செத்த தவளையின் கால்நரம்பை மின்சாரம் தீண்டியபொழுது கால் துடித்தது. மூளையும் அவ்வாறே மறுமொழி தருமா? 1870 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரத்தில் பிறிற்ச், ஹிற்சிக் என்னும் இருவர் இதற்கு விடை கண்டனர். ஆய்வுகூட வசதி இல்லாமையால் ஹிற்சிக்கின் இல்லத்திலேயே அவர்கள் சோதனை நடத்தினார்களாம். நாயின் மூளையின் மேற்பரப்பிலே ஓரிடத்தை மெல்லிய மின்சாரத்தாற் தீண்ட, எதிர்ப்புறத்து முன்னங்கால் அசைந்தது; வேறோரிடத்தைத் தீண்டப் பின்னங்கால் அசைந்தது. மூளையின் மேற்பரப்பில் இடத்துக்கு இடம் தொழில் வேறுபடும் என்பது இதனாற் புலனாயிற்று.

இந்த அறிவு நோயாளிக்குப் பயன்பட நெடுங்காலம் செல்லவில்லை. 1884 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆந் திகதி, லண்டன் மாநகரிலே றிக்மன் கொட்லீ என்னும் சத்திரவைத்தியர் 25 வயதுள்ள ஒருவரின் மூளையிலிருந்து கட்டியொன்றை அகற்றினார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895 இல். அப்படியாயின் கட்டி இருந்த இடத்தை எவ்வாறு அறிந்தனர்? நோயாளியின் உறுப்புக்களிலே கண்ட வலிப்பையும் சோர்வையும் கொண்டே, கியூஸ் பெனற் என்னும் வைத்தியர் இன்ன இடம் என்று கணித்தார். கணித்த இடத்திலே கட்டி இருந்தது. ஒரு மாதமளவில் நோயாளி கிருமித் தொற்றினால் இறந்துபோனார் என்பது வருந்தத்தக்கதே. எனினும், தொழிலை விசாரித்து இடத்தை அறியலாம் என்னும் கொள்கை அன்று நிலைபெற்றது.

1898 ஆம் ஆண்டிலே ஜேர்மனியச் சத்திரவைத்தியராகிய பெடோர் கிறவுசே, தாங்கமுடியாத காதிரைச்சலினால் வருந்திய ஒருவருக்குச் செவிநரம்பை அறுத்தார். அப்பொழுது அயலிலிருந்த முகநரம்பை மெல்லிய மின்சாரத்தாற் தீண்டி, முகம் துடிப்பதைக் கண்டு குறித்து வைத்தார். சத்திர சிகிச்சையின் நடுவே நரம்பை விசாரிக்கும் கலைக்கு இதனைக் கால்கோள் எனலாம்.

ஆயினும், கால்கோள் இட்ட வீடு எழும்பப் பல்லாண்டுகள் சென்றன. செவிநரம்புக் கட்டிகளைப் பற்றி 1917 ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் எழுதிய அமெரிக்கராகிய ஹாவி குஷிங், கட்டியின் உட்பாகத்தை மாத்திரம் குடைந்தெடுத்து உறையை விட்டுவிடும் முறையைக் கைக்கொண்டார். முன்னையிலும் பலர் பிழைத்தனர். ஆனால் விட்ட மிச்சம் மீண்டும் வளர்ந்தது. அவருடைய நாட்டவரான வோல்ற்றர் டான்டி, உறையையும் சேர்த்து முழுவதையும் அகற்ற வேண்டும் என்றார். அகற்றியும் காட்டினார். முகத்தின் அசைவு பெரும்பாலும் அதற்கு விலையாயிற்று. பிற்காலத்திலும், நோயாளியின் முகத்தை மூடிய துணியின் கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, கன்னம் துடித்தால் வாயாற் சொல்லும் வழக்கமே நெடுங்காலம் இருந்தது. பார்ப்பவரின் கண் சோர்ந்தால் செய்தியும் தவறும்.

1979 ஆம் ஆண்டில் ஒரு புதிய முறை வெளியாயிற்று. தசை அசையும்பொழுது அதிலே மிகச் சிறிய மின்சாரம் பிறக்கின்றது. கண்ணைச் சுற்றியுள்ள தசையிலும் வாயைச் சுற்றியுள்ள தசையிலும் மயிர் போன்ற ஊசிகளைச் செருகி, அந்த மின்சாரத்தைப் பெருக்கித் திரையிலே கோடாகக் காட்டினர். பின்னர் ஒலிபெருக்கியிலும் விட்டனர். சத்திரவைத்தியரின் கண் உருப்பெருக்கியை விட்டு நீங்க இயலாது. ஆனால் அவர் செவி ஓய்ந்திருக்கிறது. வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதன் நயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. கருவி நரம்பை இலேசாகத் தீண்டினால், தகரக் கூரையிலே ஒரு மழைத்துளி விழுந்தது போல ஓரொலி கேட்கும். நரம்பை இழுத்தாலோ, வெப்பம் தாக்கினாலோ, அடைமழை பிடித்தாற்போல ஒலி தொடர்ந்து இரையும். அதைக் கேட்டவுடன் வைத்தியர் கையை நிறுத்துவார். நீர் விட்டுக் குளிர்விப்பார். வேறு புறத்திலிருந்து வேலையைத் தொடங்குவார்.

இனி, இக்கலையின் உயிர்நிலையான இடத்துக்கு வருகிறோம். ஒலி கேட்டால் எச்சரிக்கை. ஒலி கேளாதுவிட்டால்? நரம்பு சுகமாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கொள்ளலாகாது. சுகமாயிருக்கும் நரம்பும் மௌனமாக இருக்கும். கூரிய கத்தியால் ஒரே வெட்டில் அறுபட்ட நரம்பும் மௌனமாக இருக்கும். ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்த செய்தி இது. பாடம் முடிந்ததும் விளங்கிற்றா என்று கேட்கிறோம். வகுப்பு அமைதியாயிருக்கிறது. அவ்வமைதி விளங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஒன்றுமே விளங்காமையின் அடையாளமாகவும் இருக்கலாம். எழுந்து நில் என்று ஒரு மாணவனிடம் நேரே வினவினால் அன்றி உண்மை வெளிவராது.

சத்திரவைத்தியரும் அதனையே செய்கிறார். மெல்லிய மின்முனை ஒன்றினால் ஐயத்துக்குரிய இடத்தைத் தீண்டிக் கேட்கிறார். அது வெறும் உறையாயின் மறுமொழி இல்லை. நரம்பாயின் முகத்தசை உடனே குரல் கொடுக்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அறுபட்ட நரம்பின் முகப்புறத் துண்டைத் தீண்டினால், சில நாள் வரையில் அது உயிருள்ளது போலவே மறுமொழி தந்துகொண்டிருக்கும். ஆகவே கேள்வியை மூளைத்தண்டின் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். கட்டியை எடுத்து முடிந்தபின் அவ்விடத்திலே மிகச் சிறிய மின்சாரத்தை, ஒரு மில்லியம்பியரிலே பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ செலுத்த, முகம் தெளிவாக மறுமொழி தந்தால், முகத்தின் அசைவு நன்கு திரும்பும் என்று நம்புவதற்கு இடமுண்டு. கேள்வி சரியாயிருப்பது போதாது. கேட்கும் இடமும் சரியாயிருத்தல் வேண்டும்.

மயக்கம் கொடுக்கும் வைத்தியருக்கும் இதிலே பெரும் பங்குண்டு. சத்திர சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தி அசையாதிருக்கச் செய்யும் மருந்தொன்றைக் கொடுப்பது பொது வழக்கம். அம்மருந்து நிலைத்து நின்றால், நரம்பு எவ்வளவு கூவினாலும் தசை கேளாது. ஆதலின் அதனைத் தவிர்த்தே நோயாளியை உறங்கவைக்க வேண்டியிருக்கிறது. 1991 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் அவை, செவிநரம்புக் கட்டிச் சிகிச்சையிலே முகநரம்பை இவ்வாறு கண்காணிப்பதை ஒரு வழக்கமாகவே கொள்ள வேண்டும் என்று கூறியது.

முகநரம்பு தசையை அசைக்கும் நரம்பு. செவிநரம்போ செய்தியை உள்ளே கொண்டு செல்வது. அதற்குத் தசை இல்லை. அதனை விசாரிப்பது எவ்வாறு? காதிலே 'டிக்' 'டிக்' என்ற சிற்றொலிகளை இடைவிடாது ஒலிக்கச் செய்து, தலையின் தோலிலே ஒட்டிய மின்வாய்களாற் பதிவு செய்கின்றனர். ஆனால் அந்த விடை மிக மிகச் சிறியது; ஒரு வோல்ற்றைப் பத்து இலட்சம் பங்காக்கினால், அதிலே ஒரு பங்கிலும் குறைந்தது. மூளையின் சாதாரண மின்னலைகளோ அதனைப் போலப் பன்மடங்கு பெரியன. திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்திடையே ஒரு குழந்தையின் கைமணியைக் கேட்பது போன்றது இது. லண்டனில் ஜோர்ஜ் டோசன் என்பார் 1951 ஆம் ஆண்டில் இதற்கொரு வழி காட்டினார். மணி ஒவ்வொரு முறை ஒலிக்கும் கணத்தையும் தொடக்கமாக வைத்து, அடுத்துவரும் சில கணங்களின் பதிவுகளை ஆயிரம் முறை ஒன்றன்மேலொன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், ஒழுங்கற்ற ஆரவாரம் தன்னைத் தானே கழித்துக்கொள்ளும். ஒழுங்காக வரும் மணியோசை எஞ்சி நிற்கும். இவ்வழியே சென்று 1971 ஆம் ஆண்டில் ஜூவெற், வில்லிஸ்ரன் என்னும் இருவர், ஓசை காதிலிருந்து மூளைத்தண்டினூடாக ஏறும் பாதையிலே பிறக்கும் சிற்றலைகளை விரிவாக எடுத்துக் காட்டினர். ஐந்தாம் அலை ஏறத்தாழ ஆறு மில்லிச்செக்கனில் வந்து சேரும். அது ஒரு மில்லிச்செக்கன் பிந்தினாலோ, அதன் உயரம் பாதியாகக் குறைந்தாலோ, கேள்விப் புலன் ஆபத்தில் இருக்கிறது என்று கண்காணிப்பவர் எச்சரிப்பார். ஆயிரம் பதிவுகளைக் கூட்டுவதற்கு நேரம் செல்லும் என்பது இதிலுள்ள குறை. முகநரம்பு உடனே கூவும். செவிநரம்பின் கடிதம் சற்றுத் தாமதித்தே வந்து சேரும்.

கையும் காலும் அசையும் ஆற்றலைக் காப்பதற்கும் இவ்வாறான வழிகள் உண்டு. மணிக்கட்டிலே நரம்பைத் தீண்டினால், ஏறத்தாழ 20 மில்லிச்செக்கனில் செய்தி மூளையின் மேற்பரப்பை அடைகின்றது. உணர்ச்சிக்குரிய மேட்டையும் அசைவுக்குரிய மேட்டையும் பிரிக்கும் பள்ளத்தின் இரு கரைகளிலும் இச்செய்தியின் அலை தலைகீழாக மாறித் தோன்றும். கட்டியினால் மூளை உருக்குலைந்து எல்லைகள் தெரியாதபொழுது, இம்மாற்றம் எல்லைக்கல் போல நின்று வழி காட்டும். 1980 ஆம் ஆண்டிலே மேர்ட்டன், மோர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இருவர், மண்டையோட்டைத் திறவாமலே வெளியிலிருந்து மூளையைத் தீண்டிக் கையை அசைக்கலாம் எனக் காட்டினர். அம்முறையும் இன்று பயன்படுகின்றது. இவற்றிலே ஓர் அலை குன்றினால் உடனே கத்தியைக் குற்றஞ் சாட்டுவதில்லை. குருதியமுக்கம் இறங்கியதா, உடம்பு குளிர்ந்ததா, மயக்க மருந்து மிகுந்ததா, கம்பி கழன்றதா என்று ஒவ்வொன்றாக விசாரித்த பின்னரே தீர்ப்பு.

பேச்சுக்கு மாத்திரம் இவ்வழிகள் போதா. ஒருவர் சொல் அறிந்து பொருள் உணர்ந்து பேசும் ஆற்றல் குன்றாதிருக்கிறது என்று கூறவல்ல அலை எதுவும் உறங்குகிறவரிடத்தில் இல்லை. அதற்கு அவரை எழுப்பத்தான் வேண்டும். கேட்போர் அஞ்சுதல் இயல்பு. ஆயினும் மூளைக்கு நோவு தெரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தலைத்தோலை மருந்தினால் மரக்கச் செய்துவிட்டால், விழித்திருக்கும் நோயாளியின் மூளையிலே வேலை செய்யலாம். கானடா தேசத்து மொன்றியல் நகரில் 1934 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நரம்பியல் நிலையத்திலே, வைல்டர் பென்பீல்ட் இம்முறையை வளர்த்து, மூளையின் மேற்பரப்பிலே எவ்விடம் எவ்வுறுப்புக்கு உரியது என்று படம் வரைந்தார். நோயாளிக்கு ஒரு படம் காட்டப்படும். "இது ஒரு குடை" என்பது போல அவர் சொல்ல வேண்டும். அவர் பேசும்பொழுதே ஓரிடம் மின்சாரத்தாற் தீண்டப்படும். "இது ஒரு" என்று சொல்லிவிட்டுப் பெயர் வராமல் அவர் தடுமாறினால், அவ்விடம் பெயர் கூறும் ஆற்றலுக்கு இன்றியமையாதது; கத்தி அங்கே செல்லலாகாது. மின்சாரத்தை எடுத்ததும் சொல் திரும்பும். தீண்டலினால் வலிப்புத் தோன்றினால், பனிக்கட்டி போலக் குளிர்ந்த உப்புநீரை மூளையின்மேல் விட்டு அடக்குவர்.

நூலிலே வரைந்த படத்தை நம்பி வெட்டினால் என்ன? அதுவும் தகாது. அமெரிக்காவிலே ஓஜ்மனும் அவர் உடனாளரும் 117 நோயாளிகளை ஆராய்ந்து 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, பேச்சுக்குரிய இடங்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும் என்பதைக் காட்டியது. இரு மொழி பேசுவோரிடம் ஒரு மொழிக்கு இன்றியமையாத இடமும் மற்றதற்கு இன்றியமையாத இடமும் சிலவேளை வேறாயிருத்தலையும் கண்டுள்ளனர். ஆகவே ஒவ்வொரு நோயாளியையும் அவர் பேசும் ஒவ்வொரு மொழியிலும் கேட்டறிதல் வேண்டும்.

இத்தனை கேள்விகளும் கேட்டால் எல்லாம் காக்கப்படுமா? பென்பீல்டின் வாழ்விலேயே இதற்கு விடை உண்டு. 1928 ஆம் ஆண்டிலே அவர் தம் உடன்பிறந்த சகோதரிக்கே சத்திர சிகிச்சை செய்து, வலப்புற முன்மூளையின் பெரும்பகுதியை அகற்றினார். பின்னர் சோதித்தபொழுது, பேச்சிலோ அசைவிலோ நினைவிலோ பெருங்குறை காணப்படவில்லை. ஆயினும், மாதங்கள் பல கழிந்தபின் ஒருநாள், தமையனாருக்கும் தம் குடும்பத்துக்கும் இராவுணவு சமைக்கப் புகுந்த அப்பெண்மணி, எதனை முன் செய்வது, எதனைப் பின் செய்வது என்று ஒழுங்குபடுத்த இயலாமல் அடுக்களையிலே தனியே மயங்கி நின்றார். பென்பீல்ட் இதனை மறைக்கவில்லை. 1935 ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார். எந்தப் பரீட்சையும் தான் வினவியதை மாத்திரமே அளக்கும். வினவாததற்கு விடை கிடைக்காது. பாடசாலையிலே வினாத்தாள் ஆக்குவோர் அறிந்த இவ்வுண்மை, மூளையின் விடயத்தில் எத்துணை கொடியதாகிவிடுகிறது!

ஈற்றிலே, கருவிகள் அனைத்தும் செய்தி தருவன. முடிவு தருவன அல்ல. முகநரம்பின்மேல் கட்டியின் மெல்லிய தகடொன்று ஒட்டி நிற்கிறது. உரித்தெடுத்தால் கட்டி முற்றாகப் போகும், முகமும் போகலாம். விட்டுவைத்தால் முகம் நிலைக்கும். மிச்சம் வளர்கிறதா என்று ஆண்டுதோறும் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். வளர்ந்தால் கதிர்வீச்சோ மறு சிகிச்சையோ வேண்டியிருக்கும். குஷிங்குக்கும் டான்டிக்கும் இடையே எழுந்த வழக்கு இதுவே. இன்று பல சத்திரவைத்தியர் அந்த மெல்லிய தகட்டை விட்டுவைக்கவே விரும்புகின்றனர். அவர்கள் அவ்வாறு துணிவது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நரம்பே அவர்களுக்குச் சொல்வதனாலாகும்.

ஆனால் எதனை இழக்கலாம், எதனை இழக்கலாகாது என்பதை நரம்பு சொல்லாது. பாடகருக்குச் செவி பெரிது. தச்சருக்குக் கை பெரிது. ஆசிரியருக்குச் சொல் பெரிது. சிறு குழந்தையுள்ள தாய்க்கு நீண்ட ஆயுளே எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றலாம். அதனைக் கேட்டறியக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னாள், கட்டிலின் அருகே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, வைத்தியர் தம் வாயாற் கேட்டு, நோயாளி தம் வாயாற் சொல்லும் விடை அது. உங்களிலே எவரேனும் உற்றார் ஒருவருக்காக அத்தகைய கட்டிலருகே நிற்க நேர்ந்தால், அக்கேள்வி கேட்கப்பட்டதா என்பதைக் கவனியுங்கள். கேட்கப்படாவிடின் பணிவோடு நினைவூட்டுங்கள். உறக்கத்திலே கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்னே, விழிப்பிலே கேட்க வேண்டிய கேள்வி அதுவாகும்.